நிரந்தரப் பங்காளிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
பதிவுத்துறைத் தலைவர் அவர்கள்,
சாந்தோம் நெடுஞ்சாலை, சென்னை.

பொருள்: மனை வியாபாரத்தில் தங்கள் துறைக்கு உள்ள பங்கை வெளிப்படையாக அறிவிக்கக் கோருதல் – சார்பு.

பார்வை: தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை, சாலையின் இரு பக்கமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மனை விற்றவன் அல்லன், வாங்கியவனும் அல்லன். இடையில் நின்று தரகு பார்த்ததும் இல்லை. தங்கள் துறையின் வருமான அறிவிப்புகளைப் படித்துப் பூரித்துப்போகும் சாதாரண அபிமானி. முகூர்த்த நாள் வருகிறதென்றால் முன்கூட்டியே கூடுதல் டோக்கன் அறிவிக்கிறீர்கள். ஒரே நாளில் இருநூறு கோடியைத் தாண்டி வசூல் என்று அப்புறம் செய்தி வருகிறது. கல்யாண மண்டபக்காரர்கள்கூட பஞ்சாங்கத்தை இவ்வளவு நம்பி நான் பார்த்ததில்லை.

என் குறை ஒன்றுதான். இவ்வளவு சம்பாதிக்கும் நீங்கள் ஏன் இப்படி அடக்கமாக இருக்கிறீர்கள்?

கணக்கைப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பில் பத்து லட்சம் பெறும் மனை ஒன்று. முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 90,000 ரூபாய் உங்களுக்கு. வாங்கியவர் பெண்ணின் கல்யாணத்துக்கு அதை விற்கிறார், இன்னொரு 90,000. அதை வாங்கிய துபாய்க்காரர் ஊர் திரும்பி விற்கிறார், மறுபடியும் 90,000. மதிப்பு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து கை மாறினால் நாலரை லட்சம். இத்தனைக்கும் அந்த மனையில் அதுவரை விளைந்தது வேலிக்காத்தான் மட்டும். அதே இடம் வயலாக இருந்து, நெல் விளைந்து, அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அரசுக்கு வந்தது தீர்வை என்ற பெயரில் சில்லறை. கஜானாவின் கண்ணுக்கு எது நல்ல மகசூல் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் ஒரு கவலை உண்டு. விவசாயிக்கு மழை. புரொமோட்டருக்கு வட்டி. வாங்கியவருக்கு ரோடு வருமா, கரண்ட் வருமா, கல் நட்ட இடத்தில் கல் இருக்குமா என்று. கவலையே இல்லாத பங்காளி நீங்கள் ஒருவர்தான்.

வயல் மனையாகும் வித்தை தங்கள் அலுவலகச் சன்னல் வழியே தெரியாது என்பதால் சொல்கிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிப் பாசனம். மடைக்கு அருகில் இருக்கும் வயல்தான் முதலில் விலை போகும், ஏனென்றால் அது ரோட்டுக்கும் அருகில். விலை போனதும் அதன் நடுவே ஓடிய வாய்க்காலின்மேல் கிராவல் கொட்டி, 30 அடிச் சாலை என்று பெயர் வைப்பார்கள். கீழே கடைமடைக்காரர் இரண்டு போகம் தண்ணீருக்குக் காத்திருந்து பார்ப்பார். மூன்றாவது போகம் உழமாட்டார். அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் ‘தரிசு’ என்று ஏறும். தரிசு என்று ஏறிவிட்டால், விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம் என்று சான்று வாங்குவதில் பெரிய சிரமம் இருக்காது. அப்போது ஆப்பிளும் சாத்துக்குடியும் தட்டில் வைத்துக்கொண்டு தரகர் வாசலில் வந்து நிற்பார். “பெரியவரே, இதை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” பெரியவரிடம் பதில் இருக்காது. வாய்க்காலைத் தூர்த்தவர் யார் என்று கேட்கவும் தோன்றாது. கேட்டாலும் அது தங்கள் துறை அல்ல, நீர்வளத் துறை, அல்லது வருவாய்த் துறை, அல்லது ஊராட்சி.

பிறகு அலங்கார வளைவு எழும்பும். கலர் கொடிகள் பறக்கும். மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நிற்கும். ஆள் ஒருவர்கூட இல்லாத இடத்துக்கு ‘நகர்’ என்று பெயர் வரும். தொலைக்காட்சியில் மாமியாருக்குப் பயந்து அழுகிற சீரியல் நடிகை, இங்கே வளைவுக்குக் கீழே நின்று சிரித்தபடி கையை விரித்து, “முந்துங்கள்” என்பார். ஞாயிறு காலை தாம்பரத்தில் இலவச வேன், மதியம் பிரியாணி, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு. வேனில் இருப்பவர்கள் பேராசைக்காரர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர், ஐந்து வருடம் மாதத் தவணை கட்டத் தயாரான பஸ் கண்டக்டர், கழுத்தில் கிடந்ததை அடகு வைத்த அம்மாள். வங்கி வட்டி பிள்ளையின் படிப்புச் செலவை எட்டிப் பிடிக்காது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாதது, அடுத்து வாங்கப்போகிறவரும் இதே வேனில்தான் வரவேண்டும் என்பது.

விளம்பரத்தில் எல்லாமே மிக அருகில். மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போகும் அளவுக்கு வேலை நடந்திருந்தது. மருத்துவமனைக்குச் செங்கல் போதவில்லை. மனைகளுக்கு எல்லைக் கல் போதாமல் போனதே இல்லை. பரந்தூரில் விமான நிலையம் வரும் என்று 2022இல் சொன்னார்கள். எங்கள் வயலும் ஏரியும் எங்களுக்கு வேண்டும் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் போராடுகிறார்கள். அவர்கள் நிலத்தில் விமானம் இறங்குவதற்கு முன்பே சுற்றுவட்டார நோட்டீஸ்களில் இறங்கிவிட்டது.

தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 2016 செப்டம்பர் 9 அன்று, வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் போட்ட பொதுநல வழக்கில், விளைநிலத்தைத் துண்டு போட்ட அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2008இலேயே இயற்றி, நடைமுறைக்கு வராமல் பீரோவில் இருந்த, இதே தடையை விதிக்கும் பதிவுச் சட்டப் பிரிவு 22-அ அதன் பிறகு, அக்டோபர் 20 அன்று, விழித்துக்கொண்டது. எட்டு வருடத் தூக்கம். சட்டமாயிற்றே, அசதி இருக்கும். ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளேயே ஒரு கருணை உண்டு: ஏற்கெனவே வீட்டுமனையாக ஒருமுறை பதிவாகியிருந்தால் மறுபடியும் பதியலாம். முதல் தடவை செய்தால்தான் பாவம், இரண்டாம் தடவையிலிருந்து சம்பிரதாயம். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை புனிதமாகும். கெடு முடிந்தது, நீட்டித்தார்கள். அதுவும் முடிந்தது, மறுபடி நீட்டித்தார்கள். கடைசித் தேதிக்கு இவ்வளவு ஆயுள் வேறெங்கும் கிடையாது.

2022இல் இன்னொரு முயற்சி. 55-அ என்று ஒரு விதி போட்டு, முன் ஆவணத்தின் அசலைக் காட்டினால்தான் பதிவு என்றீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது, தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் சார்பதிவாளர் முன் கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வெளியே வந்து மரத்தடியில் லட்டு கொடுக்கிற மனிதருக்கு இதை யார் சொன்னார்கள்? அரசாங்க முத்திரை விழுந்தாயிற்று, இனி அசைக்க முடியாது என்றல்லவா அவர் நினைக்கிறார்! அவர் பத்திரத்தில் நிதி நிட்சேபம் உள்பட மண்ணுக்குள் இருப்பதெல்லாம் அவருடையது என்றுகூட எழுதியிருக்கிறது. மண்ணுக்கு மேல் இருப்பது யாருடையது என்பதை மட்டும் சிவில் கோர்ட்டில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது புதிதாகப் பண்ணை மனை வந்திருக்கிறது. வீட்டுமனை என்று சொன்னால்தானே அங்கீகாரம் கேட்பீர்கள்? பத்து சென்ட், இருபது சென்ட் விவசாய நிலம் என்று விற்கிறார்கள். மகோகனியோ சந்தனமோ நட்டு, பராமரிப்பையும் அவர்களே செய்து, பதினைந்து வருடத்தில் கோடி என்கிறார்கள். சந்தன மரத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்கலாம், விற்க வனத்துறையிடம்தான் போகவேண்டும் என்பது நோட்டீஸில் இல்லை. தொண்ணூறுகளில் தேக்கு யூனிட் விற்ற அனுபவ் நிறுவனம் 1998இல் சாய்ந்ததை மறந்துவிட்டோம். விவசாய நிலம் தருவதாக 5.8 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய் திரட்டியிருந்த பி.ஏ.சி.எல். நிறுவனத்தை 2014இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மடக்கியது. நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தர, 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. இதில் என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. ஏமாந்தவர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக நிலத்தை விற்றாலும், வாங்குகிறவர் அந்தந்த ஊர்ப் பதிவு அலுவலகத்துக்குத்தானே போகவேண்டும்?

ஆகவே பணிவுடன் கோருவது: இனி நோட்டீஸ்களில் புரொமோட்டர் படத்துக்கும் நடிகை படத்துக்கும் நடுவே தங்கள் துறையின் முத்திரையும் இடம்பெற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேனில் சார்பதிவாளருக்கு முன் சீட் ஒதுக்க வேண்டும், பிரியாணி அவர் உரிமை. ஒரே மனை ஐந்தாவது முறை விற்பனையாகும்போது வாடிக்கையாளர் சலுகையாகக் கட்டணத்தில் ஏதாவது தள்ளுபடி தரலாம். இதெல்லாம் மரபல்ல என்று நினைத்தால், பத்திரத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி அச்சிடுங்கள்: ‘நாங்கள் பணம் வாங்கினோம், நிலத்தைப் பார்க்கவில்லை.’ வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் முன் அதைச் சார்பதிவாளர் வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். டோக்கனுக்கு அரை நிமிடம்தான் ஆகும். முகூர்த்த நாளில் கூட்டம் கொஞ்சம் குறையலாம்.

இம்மனுவின் சந்தை மதிப்பு சுழியம் என்பதால் அதில் 9 சதவிகிதமும் சுழியமே என்று கணக்கிட்டு, வில்லை ஒட்டாமல் அனுப்பியிருக்கிறேன். தங்கள் பதிவேட்டில் இதன் வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் வழக்கம்போல் நோட்டீஸ் அனுப்பவும், வித்தியாசத்தைக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருமானத்தின் நிரந்தர அபிமானி