இடித்தவர்களுக்கு ஒரு நன்றியுரை

கச்சேரி முடிந்தால் நன்றியுரை சொல்ல வேண்டும். லண்டன் சேரிங் கிராஸ் ரோட்டில் இருந்த அஸ்டோரியா அரங்கை இடித்தவர்களுக்கு அதை யாரும் முறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு. 2008இல் கிராஸ்ரெயில் என்ற ரயில் பாதைக்குச் சட்டம் போட்டு, பாதையில் நிற்கும் கட்டடங்களை வளைத்துக்கொள்ள வழி செய்தீர்கள். அஸ்டோரியா ஒன்றும் அரண்மனை இல்லைதான். 1890களில் கிராஸ் அண்ட் பிளாக்வெல் கம்பெனியின் ஊறுகாய்க் கிடங்கு. 1927இல் சினிமாக் கொட்டகை. 1980களின் நடுவில் ராக் மேடை. 2,000 பேர் தோளோடு தோள் உரச, வேர்த்து விறுவிறுத்து நின்றே கேட்பார்கள். ரேடியோஹெட் குழு 1994 மே மாதம் இங்கே வாசித்ததுதான் வீடியோவாக வந்தது. அதே வருஷம் டிசம்பரில் மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் குழு, கடைசிப் பாட்டு முடிந்ததும் கிட்டாரையும் டிரம்ஸையும் மேடையிலேயே அடித்து நொறுக்கியது. பாவம், விவரம் தெரியாத பையன்கள். நொறுக்குவது என்றால் என்னவென்று அரசாங்கம் பிறகு செய்து காட்டியது.

2009 ஜனவரி 14 கடைசி நிகழ்ச்சி. அதற்கு வைத்த பெயர் 'டெமாலிஷன் பால்', அதாவது இடிப்பு விருந்து. மறுநாள் பூட்டு. என்ன அவசரம் என்றால், ரயில் வருகிறதாம். 2018 டிசம்பரில் ஓடும் என்றீர்கள். 2022 மே 24 அன்று ஓடியது.

இரண்டாவது நன்றி, அரங்கை இடித்துவிட்டு ஸ்டேஷனுக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு. தோண்டத் தோண்ட, ஊறுகாய்க் கம்பெனியின் பழைய ஜாடிகள் 13,000க்கு மேல் வந்தன. காளான் கெட்சப், கடுகு, இஞ்சி என்று விதவிதமாக அடைத்து விற்ற ஜாடிகள். தொல்லியல்காரர்கள் பக்குவமாக எடுத்தார்கள்; 2017இல் லண்டன் டாக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் கண்காட்சியே நடந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள். என் வயிற்றெரிச்சல் வேறு. காலி ஜாடிக்குக் கண்ணாடிப் பெட்டி. ஏறக்குறைய கால் நூற்றாண்டு பாட்டுக் கேட்ட கூடத்துக்குக் கடப்பாரை. அஸ்டோரியா செய்த ஒரே குற்றம் உயிரோடு இருந்தது. மூச்சுப் பேச்சில்லாமல் மண்ணுக்குள் கிடந்திருந்தால் கண்காட்சி வைத்துக் காட்டியிருப்பீர்கள்.

ரயில் வேண்டாமா என்று கேட்பவருக்கு: வேண்டும். தினமும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள், வரட்டும் போகட்டும். ஆனால் ஸ்டேஷனுக்கு மேலே எழும்பியது என்ன? அலுவலகம், கடை, 602 இருக்கையோடு ஒரு நாடக அரங்கு. நாடகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சுரங்கம் குடைய ஆள் இருந்தது, மாடிக்கு மேல் மாடி கட்ட ஆள் இருந்தது. நின்று கேட்கிறவனுக்கு மேடை போடத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

எதிர்ச்சாரியில் 2022இல் பூமிக்கடியில் 2,000 பேருக்குக் கூடம் திறந்தாயிற்றே என்பீர்கள். திறந்தது, ராட்சத விளம்பரத் திரைகளின் காலடியில். இடையில் போனது 13 வருஷம். அஸ்டோரியாவைப் பூட்டியபோது பதினெட்டு வயதில் கிட்டார் தூக்கியவனுக்கு அந்தக் கூடம் திறந்தபோது முப்பத்தொன்று. கிட்டாரை என்றோ விற்றிருப்பான். பாட்டுக் குழு என்ன அரசாங்கத் திட்டமா, மூன்றரை வருஷம் தள்ளிப்போட்டுத் திறப்புவிழா நடத்த?

கடைசி நன்றி, கடைசி இரவுக்கு மட்டும் வந்து கண்ணீர் விட்டவர்களுக்கு. அதற்கு முந்தைய ஆயிரம் இரவில் நீங்கள் வந்திருந்தால் இடிக்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருந்திருக்கும்.

உங்கள் ஊர்க் கச்சேரிக் கூடத்தில் நோட்டீஸ் ஒட்டினால் வழியனுப்பு விழாவுக்கு டிக்கெட் தேடாதீர்கள். ஆட்சேப மனு கொடுங்கள். கெடு தேதி அந்த நோட்டீஸிலேயே, அடியில், பொடி எழுத்தில் இருக்கும்.