மேலே பூட்டு, கீழே குழாய்

1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பூட்டு வந்து சேர்ந்தது. பெட்ரோல் விலை ஏறிவிட்டது, தெருவில் நிற்கிற வண்டிகளில் ராத்திரியோடு ராத்திரியாக டேங்க் வற்றிவிடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா புதுப்பேட்டைக்குப் போய், பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்றை வாங்கி வந்தார். நடுவில் சாவித் துவாரம், தூசி விழாமலிருக்க அதன்மேல் நகர்த்துகிற சின்னத் தகடு. வண்டியிலேயே பளபளவென்று இருந்தது அது ஒன்றுதான்.

சாவி இரண்டு. ஒன்று அப்பாவின் கொத்தில். மற்றது பத்திரமாக பீரோவுக்குள். பீரோ சாவி? அதுவும் அப்பாவின் கொத்தில்தான். இந்த ஏற்பாட்டின் அழகு, ஒரு கல்யாண மண்டபத்தில் கொத்து தொலைந்த அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. வண்டியைக் கிளப்பும் சாவி தனியாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் டேங்க்கில் ரிசர்வும் தீர்ந்திருந்தது.

வாசலில் நிபுணர்கள் கூடினார்கள். பெரியப்பா உளியும் சுத்தியலும் கேட்டார். எதிர்வீட்டு மாமா, பூட்டில் ஒரு துளை போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். தெருமுனை மெக்கானிக் பாய் வந்ததும் பூட்டைப் பார்க்கவில்லை; பெரியப்பாவின் பீடியைத்தான் பார்த்தார்.

"மொதல்ல அத அணைங்க சார். பெட்ரோல் தீர்ந்த டேங்க்குதான் மோசம், உள்ள பூரா ஆவி. உளி ஒரு பொறி தட்டினா போதும்."

துளை யோசனையும் தள்ளுபடியானது. உலோகத் துருவல் டேங்க்குக்குள் விழுந்தால் கார்ப்பரேட்டர் ஜெட்டில் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் வண்டி காசநோய்க்காரன் மாதிரி இருமும் என்றார்.

துவாரத்தில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் மூடியை நாலு தட்டு. பிறகு இடுப்பிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். யார் யாருடைய வண்டிகளிலிருந்தோ மிஞ்சிய, தேய்ந்த சாவிகள். உள்ளே சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். எல்லாம் ஒரே வரிசைக்கு வந்தால் பூட்டு சுழலும், அவ்வளவுதான் ரகசியம். சரியான சாவி அதை ஒழுங்காகச் செய்யும். தேய்ந்த சாவியை மெல்ல ஆட்டிக்கொண்டே திருப்பினால், அதுவும் சில சமயம் செய்யும். நாலாவது சாவிக்கு மூடி கழன்று வந்தது. அது ஏதோ ஒரு ஸ்கூட்டரின் டூல் பாக்ஸ் சாவி.

அப்பாவின் முகம் வாடியதைப் பார்த்து, பாய் ஆறுதல் சொல்வதாக நினைத்துக் குனிந்து டேங்க்கின் அடியைக் காட்டினார். "திருடன் மேல கையே வைக்க மாட்டான் சார். இந்த ட்யூபை உருவிட்டு டேப்பைத் திருப்பினா பாட்டில் ரொம்பிடும். இதுக்கு ஏது பூட்டு?"

"தெரியும் பாய்," என்றார் அப்பா. "ஆனா பூட்டினாத்தான் தூக்கம் வருது."

அடுத்த வாரமே பீரோவைத் திறக்க ஆள் கூப்பிட்டு, இரண்டாவது சாவியை எடுத்தார். வண்டியை விற்கும்வரை தினமும் பூட்டினார்.

2021ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. அப்பாவின் பூட்டுக்கு உண்மையான மரியாதை இப்போதுதான். என் காரிலோ மூடிக்கு என்று சாவி கிடையாது. கதவுகளின் லாக் திறந்தால்தான் டேங்க்கின் வெளிக்கதவும் திறக்கும். ஒரு குட்டி மோட்டார் உள்ளே ஊசி மாதிரி ஒரு கம்பியை இழுத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் ஒரு சாயங்காலம் பங்க்கில் நிறுத்தியபோது, அது இழுக்கவில்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு. பின்னால் ஏழெட்டு வண்டிகள், ஆளுக்கொரு ஹாரன்.

உதவி எண்ணை அழைத்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன். இசை கேட்டேன். கடைசியில் ஒரு தம்பி மிகுந்த பணிவோடு, மோட்டார் போயிருக்கும் சார், வண்டியை எடுத்துட்டு சென்டருக்கு வந்துடுங்க என்றார். எடுத்து வர பெட்ரோல் வேண்டுமே என்றேன். கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டதாகச் சொல்லி, பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தந்தார்.

பெட்ரோல் போடும் பெண் அதுவரை பொறுமையாக நின்றிருந்தாள். "டிக்கியைத் திறங்க சார்" என்றாள். உள்ளே ஓரத்து அட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, எதையோ பிடித்து இழுத்தாள். டப்பென்று கதவு திறந்தது. உள்ளே இருந்த மூடியில் பூட்டே இல்லை; ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி திருகி எடுத்துவிட்டாள்.

"என்னம்மா அது?"

"கயிறு சார். ரொம்பப் பேருக்குத் தெரியாது. அந்தப் புக்குல போட்டிருக்கும்."

போட்டிருந்தது. உறை பிரிக்காத கையேட்டில், படத்தோடு. இத்தனை மின்சாரத்துக்கும் பாதுகாப்புக்கும் பின்னால், பாயின் சாவி வளையத்துக்குப் பதிலாக, ஒரு முழக் கயிறு.

வீடு வருவதற்குள் போன் சிணுங்கியது. என் கோரிக்கை வெற்றிகரமாக முடிக்கப்பட்டதாம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. ஐந்தும் கொடுத்தேன், அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு.

கயிறு டிக்கியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதவில்லை. கையேட்டில் இருக்கிறது, பங்க்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எழுத மாட்டேன். எனக்கும் தூக்கம் வரவேண்டும்.