கயாக் மாமா

சனிக்கிழமை விடியற்காலை ராகலை பஜாரில், ஸ்வெட்டருக்கு மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு ஒருவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தால், அவர்தான் கயாக் மாமா. சுற்றிலும் பீலித் தண்ணீரைத் தவிர முங்குவதற்கு ஒன்றும் கிடையாது. மகாவலியில் இருக்கும் ரந்தெனிகல நீர்த்தேக்கத்துக்கு வலப்பனைப் பக்கமாக இன்னும் எத்தனையோ வளைவு இறங்க வேண்டும். ஆனால் ஜாக்கெட்டைப் பையில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவர்கள் டீவி கொண்டுவருவார்கள், பிளெண்டர் கொண்டுவருவார்கள். மாமா மீன் பிடிக்கக் காற்றடிக்கிற கயாக் கொண்டுவந்தார். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கட்.

நீர்த்தேக்கத்தில் வலைக்காரர்கள் விடியுமுன்னே திலாப்பியாவை அள்ளிக்கொண்டு கரையேறும்போது மாமா கால் பம்ப்பை மிதித்துக்கொண்டிருப்பார். அந்த இடம் 1987 முதல் சரணாலயம். எதிர்க்கரையில் யானை தலை காட்டினால் போதும், காற்றை இறக்கும் வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மீன் ஏன் சிக்கவில்லை என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. "தம்பி, இது 1986ல கட்டி முடிச்ச அணை. 94 மீட்டர் ஒயரம், எல்லாம் கல்லு. சுமார் 86 கோடி கன மீட்டர் தண்ணி புடிக்கும். மேல விக்டோரியாவில தொறந்தா இங்க ஏறும், இங்க டர்பைன் ஓடினா எறங்கும். ராத்திரி நீங்க எல்லாம் நாடகம் பாக்குறீங்க, காலையில எனக்கு மீனு இல்ல!"

இதில் பாதி உண்மை. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் குழி பறித்துத்தான் திலாப்பியா இனப்பெருக்கம் செய்யும். மட்டம் சட்டென்று இறங்கினால் குழி காய்ந்துவிடும். அதே தண்ணீரில் வலைக்காரருக்கு மட்டும் எப்படி விழுகிறது என்று கேட்டால், "அது வேற மீனு" என்பார்.

மாமி இந்த வாதத்தில் எல்லாம் தலையிடுவதில்லை. மாமா கிளம்பும்போதே நெத்தலிக் கருவாட்டை ஊறப்போட்டுவிடுவார்.

மாமாவின் பொற்காலம் 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. குப்பி லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு லயமே அவர் வாசலுக்கு வந்தது. "கரண்டு எப்ப வரும் மாமா?" காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை என்று நீர்த்தேக்கம் ஒவ்வொன்றின் மட்டமும் சொல்லி, வானத்தைப் பார்த்து, நேரமும் குறித்துக் கொடுப்பார். டீசலும் நிலக்கரியும் வாங்க நாட்டில் டொலர் இல்லை என்று ஒரு வாத்தியார் பையன் குறுக்கிட்டான். அவனுக்குத் தூண்டிலின் எந்த நுனியைப் பிடிப்பது என்று தெரியுமா என்று மாமா திருப்பிக் கேட்டார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் இலங்கை முழுக்க மின்சாரம் நின்றது. "நான் நேத்தே சொன்னேனே, அணையில கோளாறு" என்று மாமா ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மந்திரியே சொல்லிவிட்டார்: பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய் ட்ரான்ஸ்போமரில் பட்டிருக்கிறது. லயமே சிரித்தது.

மாமா அசரவில்லை. பாணந்துறை கடற்கரைப் பக்கம், மகாவலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனால் என்ன?

"தண்ணி மட்டம் ஏறி கரையெல்லாம் முங்கிப்போச்சுன்னா," என்றார், "கொரங்கு எங்கதான் போகும்?"