யார் வீட்டு ஏணி?

கேள்வி: தெற்காசிய நாடுகளில் பெண்கள் பிரதமர்களாகவே வீற்றிருந்தும், உத்தியோகத்திலும் தலைமையிலும் சமத்துவம் வரவில்லையே, ஏன்?
— வாசகி, பம்மல்

பதில்: 1960-இல் இலங்கையின் சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானதும், அவருக்குப்பின் 1966-இல் இந்திரா காந்தியும், 1988-இல் பாகிஸ்தானில் பேநசீரும், 1991-இல் வங்கதேசத்தில் கலீதா ஜியாவும் அப்பதவியை அடைந்ததும் மகத்தான சரித்திரமே; ஆயினும் அவர்கள் ஏறியது தந்தையோ கணவரோ வீட்டில் சார்த்திவைத்த ஏணி, அதை அண்டைவீட்டுப் பெண் இரவல் கேட்க இயலாது. தங்கள் பம்மலையும் உள்ளடக்கிய தாம்பரம் மாநகராட்சியில், பட்டியல் இனப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசனத்தில் 2022-இல் வசந்தகுமாரி முதல் மேயராக அமர்ந்தாரே, அதுதான் வீதியில் நிறுத்திய ஏணி. தனியார் தொழிற்சாலைகளிலோ அத்தகைய ஒதுக்கீடு இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் விதித்த குழந்தைக் காப்பகத்தையேனும் அங்கே முதலில் கேட்டு வாங்குங்கள்.