மடக்குக் கத்தி, மடங்கிய மானம்

ஆம்பளை என்றால் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்க வேண்டும் என்று எந்தப் பிசாசு என் காதில் ஓதியதோ தெரியவில்லை. காலையில் பஸ், பகலில் கம்ப்யூட்டர், ராத்திரி சப்பாத்தி. இதில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள், கொஞ்சம் சத்தமாக.

முதலில் வந்தது ஓப்பினல். பிரான்சில் சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஓப்பினல் என்பவர் 1890-இல் செய்ய ஆரம்பித்தது. பீச் மரப் பிடி, ஒரே ஓர் அலகு, விரித்தபின் விரலில் மடங்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் ஒரு திருகு வளையம். இந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. அளவுக்கு ஒரு நம்பர் உண்டு. நான் வாங்கியது எட்டாம் நம்பர், அலகு எட்டரை சென்டிமீட்டர். அழகான கத்தி. ஆனால் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும் என்பதை ஐப்பசி மாதச் சென்னை எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அலகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. அதற்கும் வழி உண்டு: பிடியின் பின்பக்கத்தை மேஜையில் தட்டினால் அலகு மெல்லத் தலை நீட்டும். தட்டினேன். கீழ்வீட்டு மாமா படியேறி வந்து, “ஆணி அடிக்கிறீங்களா சார்?” என்றார். “இல்ல மாமா, கத்தியத் திறக்கிறேன்” என்றேன். அதற்கப்புறம் நான் லிஃப்டில் நின்றால் அவர் படியில் போகிறார்.

கூர் பார்க்க, பேப்பரை ஓரமாகப் பிடித்து இழுக்க வேண்டும். சிக்காமல், பிசிறில்லாமல் போக வேண்டும். போனது. அன்றைய பேப்பரின் உள்பக்கம் பட்டுப்போல இரண்டாகப் பிரிந்தது. அதில் எங்கள் ஏரியாவுக்கு மின்தடை என்று போட்டிருந்ததாம். மோட்டார் போடாத வீட்டில் சோப்பு நுரையோடு நின்றபோது எனக்குத் தெரிந்தது.

அடுத்தது கிளிமூக்கு மாங்காய். என் ஓப்பினலின் அலகு கார்பன் எஃகு. அது சுலபமாகத் தீட்ட வரும், ஆனால் புளிப்புப் பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். நறுக்கினேன், ருசித்தேன், மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுப்பக்கம் செம்பழுப்பாக ஒரு கறை. மனைவி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எங்க பாட்டியோட அரிவாள்மணையும் இரும்புதான். நறுக்கின கையோட கழுவித் தொடச்சு, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வப்பாங்க. யாரும் அத சட்டையில மாட்டிக்கிட்டுப் போகல” என்றாள்.

சரி, துருப்பிடிக்காததாகப் பார்ப்போம் என்று சுவிட்சர்லாந்துக்குப் போனேன், அதாவது கடையில் அந்த அலமாரிக்கு. கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவு செய்துகொண்ட பல்கருவிக் கத்தியின் குடும்பத்தில் நான் வாங்கியது கடைக்குட்டி. மடக்கினால் 58 மில்லிமீட்டர். குட்டி அலகு, கத்தரி, நகராவி, இடுக்கி, பல்குச்சி எல்லாம் உள்ளே. பூட்டு கிடையாது, முதுகில் இருக்கும் ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் குத்தக் கூடாது, இழுத்து அறுக்கத்தான் வேண்டும். விரிக்க அலகில் ஒரு நகப்பள்ளம் வைத்திருக்கிறார்கள். நகம் கடிப்பவன் இதை வாங்கலாமா என்று பெட்டியின் மேல் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். எட்டாவது படிக்கிற என் மகள்தான் திறந்து நீட்டினாள். உடனே என் அம்மா, “கத்தியக் கையில குடுக்காதடி, சண்டை வரும், கீழ வை!” என்று போட்ட சத்தத்தில் அவள் தரையில் வைக்க, நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கடைக்குட்டி மனைவியின் கைப்பையில் இருக்கிறது. பூச்சரம் நறுக்கக் கத்தரியாம், முள் எடுக்க இடுக்கியாம். பல்குச்சி மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

போன வாரம் ஆபீஸ் நண்பர், “தினசரி உபயோகத்துக்கு எந்தக் கத்தி சார் நல்லது?” என்று கேட்டார். துருப்பிடிக்காத எஃகு, மூன்றங்குலத்துக்குள் அலகு, விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விமானத்தில் கைப்பையில் கூடாது என்று டீ ஆறும்வரை பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப இந்தப் பார்சலக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க” என்றார்.

வண்டிச் சாவியால் கிழித்துக் கொடுத்தேன். நன்றாகவே கிழிந்தது.