அங்கிட்டு வந்திருக்கலாம்ல?

நீங்கள் எந்த வழியாக வந்தீர்களோ அது தப்பான வழி. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் சாரின் சித்தாந்தம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடமாட்டார். கையில் ஓஸ் பைப், இடுப்பில் கைலி, தோளில் துண்டு. பைப்பில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்பது அவருக்கு முக்கியமில்லை. சாயங்காலம் ஆறரை முதல் எட்டரை வரை செம்பருத்திச் செடியோரம் நிற்க ஒரு காரணம் வேண்டும், அவ்வளவே.

"எந்த வழியா வந்தீங்க?"

"காளவாசல் வழியாத்தான் சார்."

"அடடா! இந்நேரத்துக்குக் காளவாசலா? கோச்சடை போயி, துவரிமான்ல ஃபோர்வேல ஏறி, அங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

பெரியவர் சொல்கிறாரே என்று மறுநாள் கோச்சடை வழியாக வருவேன். மேலக்கால் ரோட்டில் ஒரு டிராக்டர், அதன் பின்னால் ஒரு மினி பஸ், அதன் பின்னால் நான். வீட்டுக்கு வந்தால் துண்டை உதறிக்கொண்டு சிரிப்பார். "அங்கிட்டு எதுக்குப் போனீங்க? சும்மா முடக்குச்சாலை, விராட்டிபத்து, அச்சம்பத்துன்னு நேரா வந்திருந்தா இந்நேரம் காபியே குடிச்சு முடிச்சிருப்பீங்க." நேற்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டால், "அது நேத்து" என்பார்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. திருப்பரங்குன்றம் பக்கம் போய், பொம்மை செய்கிற விளாச்சேரியைத் தொட்டு, வடிவேல்கரை, கீழக்குயில்குடி என்று சமணமலை அடிவாரத்தைச் சுற்றி ஊருக்குள் நுழைவது. தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். சுற்றுலாப் பயணிக்குச் சொல்ல வேண்டிய வழியை, ஆபீஸ் முடிந்து பசியோடு வருகிறவனிடம் சொல்வார். நம்பிப் போன தெருக்காரர் ஒருவர் ஆட்டு மந்தைக்குள் மாட்டி இருட்டியபின் வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வரவேற்பு: "அங்கிட்டு யாராச்சும் வருவாங்களா?"

இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று உடனே தெரிந்திருக்கும். என்.ஜி.ஓ. காலனியில் ஒருவர் இருக்கிறார், பல்கலை நகரில் ஒருவர் இருக்கிறார், எங்கள் தெருவில் நிச்சயமாக ஒருவர் இருக்கிறார். அடுத்த வீட்டுப் பேப்பரை முதலில் படிப்பது, சென்ட் விலை விசாரிப்பது போன்ற சில்லறைப் பழக்கங்களும் இவர்களுக்கு உண்டு. அவற்றை மன்னித்துவிடலாம்.

பொறுக்க முடியாத விஷயம் வேறு. சார் வாழ்நாளில் ஒரு நாள்கூட இந்த நெரிசலில் சிக்கியதில்லை. அவர் வேலை பார்த்தது காமராசர் பல்கலைக்கழகத்தில். ஊர் முழுக்கக் காலையில் கிழக்கே மதுரைக்குப் போகும்போது அவர் மேற்கே போனார். சாயங்காலம் ஊர் முழுக்க மேற்கே திரும்பும்போது அவர் கிழக்கே வந்தார். இரண்டு நேரமும் காலிப் பஸ், இரண்டு நேரமும் ஜன்னல் சீட். எதிர்ப்பக்கம் தொங்கிக்கொண்டு போகிற கூட்டத்தைப் பணிக்காலம் முழுக்க வேடிக்கை பார்த்தே, தேனி ரோட்டைக் கரைத்துக் குடித்ததாக நினைத்துக்கொண்டுவிட்டார்.

2020-ல் காளவாசலில் மேம்பாலம் திறந்தபோது தெருவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இனிமே கவலையே இல்லை, பறந்து வரலாம்." பாலம் பைபாஸ் ரோட்டில் போகிறவர்களுக்கானது. தேனி ரோட்டுக்காரனுக்கு அதில் கிடைத்தது சிக்னலில் நிற்கும்போது தலைக்கு மேல் கொஞ்சம் நிழல். இதைச் சொன்னேன். "அப்ப நீங்க பைபாஸ்ல வந்து பாலத்துல ஏறணும்" என்றார். ஏறினால் எங்கே போவேன் என்று அவர் சொல்லவில்லை.

ரயிலையும் விடமாட்டார். போடி லைன் மீட்டர்கேஜாக இருந்து 2010 கடைசியில் மூடி, அகலமாக்கி, தேனி வரை மறுபடி ரயில் ஓட 2022 ஆகிவிட்டது. அத்தனை வருஷமும் "ரயில் மட்டும் வரட்டும்" என்று மிரட்டிக்கொண்டிருந்தார். வந்தது. காலையில் மதுரையிலிருந்து மேற்கே கிளம்பி, சாயங்காலம் தேனிப் பக்கமிருந்து கிழக்கே திரும்பியது. எங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். சாரின் பழைய ஆபீஸ் நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி! ஆனால் அவர்தான் ரிட்டயர் ஆகிவிட்டாரே. அதனால் எங்களை ஏறச் சொல்கிறார். வடபழஞ்சியில் இறங்கி, வந்த திசையிலேயே திரும்பி ஒரு பஸ் ஏற வேண்டுமாம்.

திருமங்கலம், ஒத்தக்கடை என்று மெட்ரோ திட்டம் பேப்பரில் வந்த அன்று இன்னும் மோசம். ஒரு தூண்கூட ஊன்றவில்லை. "திருப்பரங்குன்றத்துல மெட்ரோவை விட்டு இறங்குறீங்க..." என்று ஆரம்பித்துவிட்டார்.

மலையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "இது மட்டும் குறுக்க கெடக்காம இருந்தா சமயநல்லூர்லருந்து நேரா ஒரு ரோடு போட்டிருக்கலாம்" என்பார். மதுரையை அழிக்க ஏவிவிட்ட பாம்பு, பாண்டியன் அம்பு பட்டு விழுந்து நாகமலை ஆனதாகத் திருவிளையாடல் கதை. என் கணக்கில், இந்தப் பக்கமிருந்து மதுரைக்குக் கிளம்பி ஊர் போய்ச் சேர முடியாமல் போன முதல் ஆள் அந்தப் பாம்புதான். சாரைக் கேட்டால் அதற்கும் வேறு வழி சொல்லியிருப்பார்.

சித்திரைத் திருவிழா வந்தால் அவருக்கு சீசன். எங்கே தடுப்பு வைத்திருக்கிறார்கள், எங்கே திருப்பிவிடுகிறார்கள் என்று நாள் முழுக்க போனில் விசாரித்து, தெருவில் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்வார். போன வருஷம் ஒரு படி மேலே போய் அழகரையே பிடித்துக்கொண்டார். தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்து சேராத அண்ணன் அழகர். அது மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சார் காரணம் கண்டுபிடித்திருக்கிறார். "முன்னாடியெல்லாம் அவரு அலங்காநல்லூர் வழியா தேனூருக்குல்ல வந்துக்கிட்டிருந்தாரு? திருமலை நாயக்கர்தான் ரூட்டை மாத்தி மதுரைக்குள்ள கொண்டாந்துட்டாரு. மூணுமாவடி, தல்லாகுளம்னு வந்தா லேட்டாகத்தான் செய்யும். பேசாம தேனூருக்கே வந்திருக்கலாம்." தேனூர் சமயநல்லூர்ப் பக்கம், அதாவது அவர் கணக்கில் நம்ம ஏரியா. நாயக்கருக்கும் முந்திய அந்தக் கல்யாணத்துக்கு நாயக்கர் போட்ட ரூட்டில் எப்படி லேட்டானார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

ஒரு விஷயத்தைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு வழி தெரியாமல் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். மனை விற்றபோது "கால் மணி நேரம்தான் சார்" என்றார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் சாயங்காலம் அரசரடியையே தாண்ட முடியாது. தேனி, உசிலம்பட்டி என்று போர்டு போட்ட வண்டியில் கால் வைத்தால், "புதுக்கோட்டை நிக்காது, எறங்கு" என்கிறார் கண்டக்டர். டவுன் பஸ்ஸோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, நல்ல காரியம். ஆனால் அந்தப் பஸ் வர வேண்டுமே. என் மனைவி முக்கால் மணி நேரம் காத்து நின்று, நின்றுகொண்டே பயணம் செய்து, கால் வீங்கி வந்து இறங்குகிறாள். அவளிடம், "அந்த பஸ்ல ஏன்ம்மா ஏறுன, அரசரடியில எறங்கி மாறியிருக்கலாம்ல?" என்றால் என்ன அர்த்தம்? தப்பு ரோட்டிலும் இல்லை பஸ்ஸிலும் இல்லை, எங்கள் புத்தியில்தான் என்று அர்த்தம். தினமும் களைத்து வருகிறவனுக்கு இதைக் கேட்டுக்கொள்வது, சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும், மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

அவள் மட்டும் அவரைத் திட்ட விடமாட்டாள். மழை நாளில் கரண்ட் போனால் டார்ச்சோடு மெயின் ரோடு வரை வந்து நிற்பது அவர்தானாம். மலையடிவாரத் தெரு, பூச்சி பொட்டு நடமாட்டம் உண்டு. அதுவும் உண்மைதான். அந்த டார்ச் வெளிச்சத்திலும் எந்த வழியாக வந்தாய் என்று கேட்டார் என்பதும் உண்மை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துட்டிக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுமுன் எந்த வழியாக வந்தார்கள் என்று விசாரித்து, பந்தலுக்கு வெளியிலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார் சார். வண்டி கிளம்பும் நேரம் டிரைவர் பக்கத்து சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். "தம்பி, காளவாசல் வேண்டாம். துவரிமான் போயி, கோச்சடை வழியா ஆரப்பாளையம் வந்து, ஆத்தைத் தாண்டி அங்கிட்டு தத்தனேரி போயிரு." யாரும் மறுத்துப் பேசுகிற நிலையில் இல்லை. அப்படியே போனோம். டிராக்டர் இல்லை, மினி பஸ் இல்லை, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. காளவாசல் வழியாக வந்த மகனும் மருமகன்களும் வந்து சேரும்வரை தத்தனேரி மயானத்தில் வண்டி அப்படியே காத்துக் கிடந்தது.

சார் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, எவ்வளவு வெரசா வந்துட்டோம்?"