பாடும்போது முகத்தை எங்கே வைப்பது?

மேடையேறும் தம்பிமார் பொக்ஸைப் பார்க்கிறார்கள், மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், சேர்ட் கசங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். முகத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏறாவூரில் முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் கால்மேல் கால் போட்டிருக்கும் மாமா பாட்டுக் கேட்க வந்தவரல்ல; பார்க்க வந்தவர். 2013இல் சியா-ஜங் சாய் என்ற ஆய்வாளர் பியானோப் போட்டிக் காணொளிகளைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். வென்றவர் யாரென்று பார்த்தவர்கள் வெறும் ஊகத்தைவிடக் கூடுதலாகவே சரியாகச் சொன்னார்கள். சத்தத்தை மட்டும் கேட்டவர்கள் கோட்டை விட்டார்கள், இசை படித்தவர்கள் உட்பட. எங்கள் மாமாவுக்கு இது எப்போதோ தெரியும்.

முதலில் கண். பாட்டு இழுக்கும் இடத்தில் மூடுங்கள், ஆனால் கரண்ட் போன வீடு மாதிரிக் கடைசிவரை மூடிக்கிடக்க வேண்டாம். அடுத்தது புருவம். மேல் ஸ்தாயிக்குக் குரல் போகாவிட்டாலும் புருவம் போகும், அதை அனுப்பிவிடுங்கள். கையும் கூடவே எழும்பினால் சுரம் எட்டிவிட்டது என்றே சபை எடுத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் நூல் ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, தலைகீழாக. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்நாகரத்தில் குறையுள்ள பாடகர்கள் 25 வகை. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுபவர், வாயை ஆவென்று பிளப்பவர், கழுத்து நரம்பு புடைப்பவர், கன்னத்தைச் சுரைக்காயாக ஊதுபவர், ஒட்டகம்போலக் கழுத்தை நீட்டுபவர், கண்ணை மூடிக்கொள்பவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர் குறை என்று எழுதியதை நீங்கள் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டால் போதும். ஒட்டகம் மட்டும் கவனம். கழுத்துச் சுளுக்கினால் நாளைக்கு வேலைக்குப் போக முடியாது.

சீவக சிந்தாமணியைத் தயவுசெய்து திறக்க வேண்டாம். அதில் வரும் காந்தருவதத்தை என்பவள் பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் அசையவில்லை, கழுத்து வீங்கவில்லை, பல்லும் தெரியவில்லை என்று திருத்தக்கதேவர் மெச்சுகிறார். இன்றைக்கு அவள் தொலைக்காட்சிப் போட்டிக்கு வந்தால் முதல் சுற்றிலேயே “ஃபீல் இல்லையேம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஓகன் வாசிப்பவருக்கு ஒரு தனிச் சொல். தாளம் பட்டனில் தானாக ஓடும்போதுதான் உங்கள் முகம் மிகக் கஷ்டப்பட வேண்டும். பேஸ் கிற்றார்காரர் புளியங்காயைக் கடித்த மாதிரி உதட்டைச் சுழித்தால் போதும். அவர் வாசிப்பது யாருக்கும் கேட்காது, உதடு தெரியும். நாதஸ்வரக்காரருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கன்னத்தை மூச்சு எடுத்துக்கொண்டுவிட்டது, மிச்சமிருப்பது கண் மட்டும்தான்.

அபசுரம் விழுந்தால்? உடனே கிறுகி சவுண்ட்காரரைப் பாருங்கள். கோபமாக அல்ல, மன்னிக்கும் பார்வை. பிழை யாருடையது என்று மறுகா பேசிக்கொள்ளலாம். ஒரு கலியாண வீட்டில் நான் இப்படிப் பார்த்தபோது அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். வெறும் பொக்ஸைத்தான் மன்னித்தேன். சபை நம்பியது.

இந்த வித்தை எடுபடாத இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார். நாலு பக்கமும் சனம். எந்தப் பக்கத்துக்கு முகம் காட்டுவது? அவர் ஒரு பக்கத்துக்கும் காட்டுவதில்லை. இரவு முழுக்க அவர் கண் ஆடுபவரின் காலில்தான்; சதங்கை அரைத்தட்டு பிந்தினால் அது அவர் கைக்கு முதலில் தெரியும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது முகத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடைத்தது. அப்படியும் நான் பார்த்த அண்ணாவிமார் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்தைப் பழக ஆசைப்பட்டால் மத்தளமும் சேர்த்துப் பழக வேண்டிவரும். ஆகவே இந்தக் கையேட்டில் அதைச் சேர்க்கவில்லை.

நோன்பு மாசத்தில் சஹருக்கு எழுப்ப றபான் அடித்துக்கொண்டு வரும் பக்கீர் பாவாவையும் சேர்க்கவில்லை. ஒழுங்கைக்குள் இருட்டு. றபான் முதலில் தூரத்தில் கேட்கும், பிறகு வேலிக்கு வெளியே, பிறகு அடுத்த ஒழுங்கையில். பாட்டின் இடையில் ஒரு இருமல் வரும், அதுவும் தாளத்தில் விழும். பெருநாளன்று பகலில் அவர் வாசலுக்கு வந்தபோது நான் சின்னப் பையன். “பாவா வந்திருக்கார், சலாம் சொல்லு மகன்” என்றார் உம்மா. நான் அவர் முகத்தை விட்டுவிட்டு, இருமட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.